கடுக்கன் கழன்ற கதை



வரும் பொதுக்குழுக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் உங்கள் கைக்கு வந்திருக்கும். காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், மோட்டார் இயக்குபவர் ஆகியோருக்கான சீருடை விதிகள் அதில் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டுள்ளன. சட்டை, ஷூ, அடையாள அட்டை என்று வரிசையாகப் போகும் பட்டியலில் ஏழாவது விதி, ஆண் பணியாளர்கள் வேலை நேரத்தில் காதில் கடுக்கனோ வளையமோ அணியக் கூடாது என்கிறது. பலர் இதைப் படித்துவிட்டுச் சாதாரணமாகக் கடந்து போயிருப்பீர்கள். வேலைக்கு வரும் ஆண் காதில் எதுவும் போடக் கூடாது என்பது ஏதோ காலங்காலமாக இருந்து வரும் ஒழுங்கு போலத்தான் நமக்குத் தோன்றுகிறது.

உண்மையில் அந்த ஒழுங்குக்கு வயது மிகவும் குறைவு. நம் ராஜபாளையத்துக்கும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. எனவே இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தை ஆண்களின் காதுக்கே ஒதுக்கிவிட்டேன். படித்துவிட்டு ஏழாவது விதிக்குக் கை தூக்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் சாட்சி பெரியாழ்வார்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாளும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். ஆண்டாளை வளர்த்த தந்தை பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகப் பாவித்து ஒவ்வொரு பருவத்தையும் பாடியவர். தாலாட்டு, அம்புலியைக் கூப்பிடுவது, நீராட்டுவது, பூச்சூட்டுவது என்று போகும் அந்த வரிசையில் ஒரு பதிகம் முழுக்கவே காது குத்துவதைப் பற்றியது. அதில் திருமாலின் பன்னிரண்டு திருநாமங்களையும் சொல்லிச் சொல்லி யசோதை பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

அந்தப் பதிகத்தில் வரும் வீட்டுச் செய்திகளைக் கவனியுங்கள். ஆயர்பாடியின் மற்றப் பையன்கள் எல்லாம் வயிரக் கடிப்பு போட்டுக் காதை நீளமாக வளர்த்திருக்கிறார்கள் பார் என்று தாய் ஆசை காட்டுகிறாள். கடிப்பு என்பது காதில் அணியும் நகை. துளையில் திரியை எரியாமல் இடுகிறேன், பொன் கடிப்பு இதோ இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறாள். பிள்ளையோ எனக்குப் பாலும் வேண்டாம் என்று ஓடிப்போய், போட்ட கடிப்பைப் பிடுங்கி எறிகிறான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஊர்க்காரர் பாடியது இது. இன்றைக்கும் காதுகுத்து வீட்டில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கத்தும் பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை.

திரி இடுவதும் புலவரின் கற்பனை இல்லை. சுசுருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு முதலில் வலக் காதையும், பெண் குழந்தைக்கு முதலில் இடக் காதையும் குத்த வேண்டும், துளையில் எண்ணெய்த் திரி இட வேண்டும் என்கிறது அந்நூல். அதே அத்தியாயத்தில் அறுந்த காதுமடலை ஒட்ட வைக்கப் பதினைந்து முறைகளும் சொல்லப்பட்டுள்ளன. ஆக, ஆண் பெண் இருவருக்குமே குத்தினார்கள். எந்தக் காதில் தொடங்குவது என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

சைவத்திலும் இதே கதைதான். சம்பந்தர் பாடிய முதல் தேவாரப் பதிகம் சிவபெருமானின் காதில் உள்ள தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அர்த்தநாரீசுவரர் சிலையில் ஒரு காதில் பெண்ணுக்குரிய தோடும் மறு காதில் ஆணுக்குரிய குழையும் இருக்கும். காதணி பெண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் சிற்பி ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பார். கவசத்தோடும் குண்டலத்தோடும் பிறந்த கர்ணனைக் கோழை என்றோ ஒழுங்கற்றவன் என்றோ யாரும் சொன்னதில்லை. அடுத்த முறை ஆண்டாள் கோயிலுக்குப் போகும்போது, மண்டபத் தூண்களில் உள்ள ஆண் சிற்பங்களின் காதுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

1639: இரண்டு அரசர்கள்

1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. அப்போது மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். அவருடைய சிலை மதுரை புதுமண்டபத்தில் இன்றும் நிற்கிறது, காதணியோடு. இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் சார்லஸ். அவர் இடது காதில் ஒரு பெரிய முத்து தொங்கும். 1649 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட நாளிலும் அந்த முத்து காதில் இருந்தது. ஷேக்ஸ்பியருடையது என்று கருதப்படும் புகழ்பெற்ற ஓவியத்திலும் காதில் தங்க வளையம் இருக்கிறது. கடல் கடந்து நாடு பிடிக்கப் புறப்பட்ட வால்டர் ராலேயும் காதில் முத்து அணிந்தவர்தான்.

வடக்கே மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1614இல் நோயிலிருந்து குணமானதும், அஜ்மீர் குவாஜாவுக்கு நன்றி செலுத்தும் விதமாகக் காது குத்தி முத்து அணிந்தார். அதைப் பார்த்து அரசவை அதிகாரிகளும் குத்திக்கொண்டார்கள். அலுவலகம் என்று சொன்னால் அன்றைய இந்தியாவில் அதைவிடப் பெரிய அலுவலகம் கிடையாது. அங்கே காதணி ஒழுங்கீனமாக இருக்கவில்லை. விசுவாசத்தின் அடையாளமாக இருந்தது.

அப்படியானால் எப்போது மாறியது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பிய ஆண்கள் பட்டு, சரிகை, நகை எல்லாவற்றையும் பெண்களிடம் விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டுக்குள் புகுந்தார்கள். 1930இல் உடைகளின் உளவியல் பற்றி நூல் எழுதிய ஃப்ளூகல் என்ற அறிஞர், இதை ஆண்களின் மாபெரும் துறவு என்ற பொருளில் பெயரிட்டு அழைத்தார். வேலைக்குப் போகும் ஆண் அலங்காரம் இல்லாமல் இருந்தால்தான் நம்பத்தக்கவன் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. அவர்கள் ஆபீஸ்களோடு சேர்ந்து அந்த எண்ணமும் இங்கே வந்து இறங்கியது.

தலைப்பாகையும் கோட்டும் கடுக்கனும்

வந்த உடனே அது நம் காதைத் தொடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட குரூப் போட்டோக்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வக்கீல், தாசில்தார், பள்ளிக்கூட வாத்தியார், குமாஸ்தா எல்லாரும் மேலே தலைப்பாகை, உடம்பில் மூடிய கோட்டு, கீழே பஞ்சகச்சம் என்று உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருக்குக் காதில் கடுக்கன் இருக்கும். வெள்ளைக்காரக் கலெக்டருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்தான் அவர்கள். கடுக்கன் காரணமாக அவர்கள் கணக்கு தப்பாகப் போனதாகத் தெரியவில்லை.

கடுக்கனைக் கழற்ற வைத்தது எந்த அரசாணையும் இல்லை, கிராப்புதான் என்று சொல்லலாம். குடுமியும் கடுக்கனும் ஜோடி. குடுமி போனதும் கடுக்கன் தனியாக நின்றது. கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. ஒருவருக்கு நேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்த வர்க்கம் முழுவதற்கும் நேர்ந்தது. எளிமையே தேசபக்தி என்று காந்தியடிகள் போன இடமெல்லாம் நகைகளைக் கேட்டு வாங்கிய காலமும் அதுதான்.

கடைசி வரை கடுக்கனை விடாதவர்கள் சங்கீதக்காரர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் கடுக்கன் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? மேடைதான் அவர் தொழிற்கூடம். 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வர வித்வானாக நடித்த சிவாஜி கணேசன் காதிலும் கடுக்கன் மின்னும். ஆனால் அதற்குள் கடுக்கன் என்பது பழைய காலத்து ஆளைக் காட்டும் மேக்கப் சாமானாக ஆகிவிட்டிருந்தது. ஜமீன்தார், வித்வான், ஊர்ப் பெரியவர் வேடம் என்றால் கடுக்கன். கதாநாயகன் ஆபீஸ் வேலை பார்ப்பவன் என்றால் வெறுங்காது.

நகைக் கடன் கவுண்டரில் பார்த்தது

நான் 1981இல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தபோது எங்கள் கிளையின் ஹெட் கேஷியருக்குச் சிவப்புக்கல் கடுக்கன் உண்டு. ஒரு நாளும் பணக்கட்டு ஒன்று கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. மேலதிகாரிகள் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவார்கள். லெட்ஜரைப் பார்ப்பார்கள், பெட்டகச் சாவியைப் பார்ப்பார்கள், காதைப் பார்த்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற பின் அந்தக் கிளையில் கடுக்கன் போட்டவர் யாரும் இல்லை. விதி போட்டு யாரும் தடுக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் போடவில்லை, அவ்வளவுதான்.

கவுண்டருக்கு வெளியே கதை வேறு. விதைப்புக் காலத்தில் நகைக் கடனுக்கு வரும் சம்சாரிகள் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, திருகைக் கழற்றிக் கடுக்கனை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்கள். அப்ரைசர் உரைகல்லில் உரசிப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து மதிப்புப் போடுவார். கழித்தது போக மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத் தொகைக்காகக் காதை வெறுமையாக்கியவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே துளையில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்வார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாதே! விளைச்சல் வந்ததும் மீட்டு மறுபடி போட வேண்டும் என்ற நம்பிக்கை அந்தக் குச்சியில் இருந்தது. கடுக்கன் என்பது அவர்களுக்கு அலங்காரம், சேமிப்பு, குலதெய்வத்தின் நினைவு, தாய்மாமன் செய்த சீர் எல்லாம் சேர்ந்தது.

நீதிமன்றங்கள் சொன்னவை

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு பக்கமும் தீர்ப்புகள் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க்கில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்த ஆண் ஊழியர் காதணி போட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெண்கள் போடலாம், நான் போடக் கூடாதா என்று வழக்குப் போட்டார். 1987இல் தோற்றார். 1990இல் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் போலீஸ்காரர்கள், பணியில் இல்லாத நேரத்தில் காதில் கல் வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களும் தோற்றார்கள்.

தென்னாப்பிரிக்காவில் தீர்ப்பு வேறு விதமாக வந்தது. டர்பன் நகரில் தமிழ் வம்சாவளி மாணவி ஒருவர் குடும்ப வழக்கப்படி மூக்குத்தி அணிந்து பள்ளிக்கு வந்தார். பள்ளி விதியில் காதுக்கு ஒரு சிறு கம்மல் போட அனுமதி உண்டு, மூக்குக்கு இல்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. பிள்ளை வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்ற அதில் 2007 அக்டோபரில் மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மதத்தில் இது கட்டாயமா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் பண்பாட்டு வழக்கத்துக்கும் மதிப்பு உண்டு என்பது அதன் சாரம்.

இந்தியாவில் 2016இல் விமானப்படை வீரர் ஒருவரின் தாடி வழக்கில், படைகளுக்கு ஒரே மாதிரித் தோற்றம் தேவை என்று உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. அதற்கு முன் 2014இல் திருநர் உரிமைகள் பற்றிய தீர்ப்பில், ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடை மூலம் வெளிப்படுத்துவதும் கருத்துரிமையில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வெளியிட்டபோது, ஆண்கள் பேண்ட் சட்டையோடு வேட்டியும் கட்டலாம் என்றது. அதற்கு முன்பே 2015இல் இன்போசிஸ் நிறுவனம், வாரம் முழுவதும் சாதாரண உடையில் வேலைக்கு வர அனுமதி கொடுத்துவிட்டது. பொதுவாகக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது உங்களுக்குப் புரியும்.

காரணமுள்ள விதி, காரணமில்லாத விதி

வேலை இடத்தில் நகைக்கு விதியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்முடையது மில் ஊர். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஸ்பின்டில் சத்தத்தோடு வளர்ந்தவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்பவர் உடம்போடு ஒட்டிய உடைதான் அணிய வேண்டும் என்றது. தொங்கும் வளையம் அங்கே ஆபத்து, சந்தேகமே இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கிண்டுபவர் காதிலிருந்து திருகாணி கழன்று கடாயில் விழுந்தால் நீங்கள் சாப்பிடுவீர்களா? ஆபரேஷன் தியேட்டரிலும் அப்படித்தான்.

இந்த மூன்று இடங்களிலும் ஒரு பொதுவான அம்சம் இருக்கிறது. ஆபத்து காதைப் பார்க்கிறது, ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. மெஷின் பக்கத்தில் தொங்கட்டான் பெண்ணுக்கும் ஆகாது, ஆணுக்கும் ஆகாது. என் கணக்கில் இதுதான் நல்ல உரைகல். ஒரு விதிக்கு உண்மையான காரணம் இருந்தால் அது இருபாலருக்கும் ஒன்றாகவே இருக்கும். பெண் போடலாம், ஆண் போடக் கூடாது என்று ஒரு விதி சொன்னால், அதில் பாதுகாப்பும் இல்லை, சுத்தமும் இல்லை. பார்த்துப் பழகிய பழக்கம் மட்டும்தான் இருக்கிறது.

இனி நம் ஏழாவது விதி

நம் சங்கமும் ஒரு வேலை கொடுக்கும் இடம் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு மாதமும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து சம்பளம் போகிறது. ஆகவே இந்த வரலாற்றில் நாமும் ஒரு வரி எழுதப் போகிறோம்.

காதில் வளையம் போட்டவரைப் பார்த்தால் ரவுடி போலத் தெரிகிறது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சில உறுப்பினர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. கேட்டில் நிற்பவரைப் பார்த்துத்தான் குடியிருப்பை எடை போடுவார்கள் என்பது உண்மை. ஆனால் நம் காவலர்களில் சிலர் காதில் இருப்பது, இருக்கங்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திய காதணி. அந்த விருந்துக்கு வட்டிக்கு வாங்கிச் செலவு செய்த குடும்பங்களும் இருக்கும். நம்மில் பலர் வீட்டுப் பையன்களுக்கும் அதே கோயிலில்தான் குத்தினோம், பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டோம்.

இன்னொன்றும் யோசியுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது காதில் கல் மின்ன வருகிறார்கள். டிவியில் ஹர்திக் பாண்டியா இந்தியச் சீருடையில் காதில் கல்லோடு சிக்ஸர் அடித்தால் கை தட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்குக் கேட்டைத் திறந்துவிடும் காவலர் மட்டும் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்றால், அந்த விதி காதைப் பற்றியதா, சம்பளத்தைப் பற்றியதா?

எனவே ஏழாவது விதியை இப்படித் திருத்தும்படி எழுத்து மூலம் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்: "மோட்டார் அறை, ஜெனரேட்டர், லிஃப்ட் இயந்திர அறை ஆகியவற்றில் வேலை செய்யும்போது ஆண், பெண் எந்தப் பணியாளரும் தொங்கும் நகை அணியக் கூடாது. காதோடு ஒட்டிய கடுக்கன், கம்மல் அணியத் தடை இல்லை." காவலரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியவை வேறு. நேரத்துக்கு வருகிறாரா, வருகைப் பதிவேட்டில் வண்டி எண் எழுதுகிறாரா, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு ஒரு சுற்று வருகிறாரா? அவற்றுக்குக் கடுமையாக விதி போடுங்கள், முதல் கை என்னுடையதாக இருக்கும்.

என் திருத்தத்தோடு உடன்படாதவர்களும் கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். கோரம் இல்லாமல் போன முறை தள்ளிப்போனது போல இந்த முறை ஆக வேண்டாம். முடிந்தால் வீட்டில் இருக்கும் பழைய குரூப் போட்டோவையும் கையோடு கொண்டு வாருங்கள். தாத்தாவின் காதைப் பார்த்துவிட்டே ஓட்டுப் போடுவோம்.

— பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்